இணைப்பு ஏழு, பத்தி நான்கு

திண்டிவனத்தில் கடல் கிடையாது. ஏரி உண்டு. நல்ல மழை பெய்தால் சாலையோரப் பள்ளங்களிலும் கொஞ்சம் தண்ணீர் உண்டு. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் மரக்காணம் பேருந்தில் ஏறி ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். ஆனாலும், கப்பல்கள் கடலில் கொட்டும் எண்ணெயைத் தடுக்கவும், தடுக்க முடியாததை அள்ளவும் ஐந்து நாடுகள் கூடிக் கையெழுத்துப் போட்டு உண்டாக்கிய கூட்டுத் தொடர்பு மையம் திண்டிவனத்தில்தான் இருந்தது. புதுச்சேரி சாலையில், டிராக்டர் உதிரிபாகக் கடைக்கு மேல்மாடியில்.

ஏன் திண்டிவனம் என்று கேட்டால் அதற்கு ஒரு நியாயம் வைத்திருந்தார்கள். எந்தத் துறைமுகத்தில் மையத்தை வைத்தாலும் மற்றத் துறைமுகங்களுக்கு வயிறு எரியும். துறைமுகமே இல்லாத ஊர் என்றால் யாருக்கும் எரியாது. இந்த முடிவை எட்ட இரண்டு ஆண்டுகள் ஆயின. அதற்குப் பிறகு ஆறு ஆண்டுகளில் பதினோரு கூட்டங்கள் நடந்தன. அவற்றில் நான்கு, மையத்தின் சின்னத்தில் டால்பின் இருப்பதா ஆமை இருப்பதா என்பதைப் பற்றியவை. ஆமை மெதுவாகப் போகும், அவசர வேலைக்குப் பொருந்தாது என்றது ஒரு நாடு. டால்பின் எப்போதும் சிரித்த முகமாக இருக்கிறது, விபத்துக்குப் பொருந்தாது என்றது இன்னொரு நாடு. அது முடிவாகும்வரை என்று காகிதங்களின் தலையில் ஒரு வெற்று வட்டம் மட்டும் அச்சாகிக்கொண்டிருந்தது.

அந்த மையத்தின் செய்திப் பிரிவுக்குத் தலைவர் வெங்கடாசலம். வளவனூரில் பிறந்தவர், விழுப்புரத்தில் வீடு கட்டியவர், தினமும் காலை ரயிலில் திண்டிவனம் வந்து இறங்குபவர். ஐம்பத்திரண்டு வயது. அப்பா கரும்பு வெட்டினார், தாத்தாவும் கரும்பு வெட்டினார், இரண்டு பேரும் கடைசிவரை கட்டைவிரலைத்தான் மையில் தொட்டார்கள். அவர்கள் வீட்டில் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் வெங்கடாசலம். ஆகவே எழுத்தின் மேல் அவருக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலான மரியாதை இருந்தது. தான் எழுதிய எழுத்தின் மேல் இன்னும் கொஞ்சம் கூடுதல்.

ஐந்து நாட்டு ஒப்பந்தத்தில் அவர் எழுதிய பத்தி ஒன்று உண்டு. இணைப்பு ஏழு, பத்தி நான்கு.

அது பிறந்த கதை இப்படி. மையம் ஆண்டுக்கு ஒருமுறை ஒத்திகை நடத்தும். இல்லாத ஒரு கப்பல் பாறையில் மோதியதாக வைத்துக்கொண்டு, இல்லாத எண்ணெயை எல்லோரும் சேர்ந்து அள்ளுவார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் அப்படி நடந்தபோது, ‘எண்ணெய் கரையை நெருங்குகிறது’ என்ற ஒத்திகைச் செய்தி எப்படியோ வெளியே கசிந்துவிட்டது. அந்த ஒத்திகையில் நிஜமாகக் கசிந்தது அது ஒன்றுதான். விழுப்புரம் மீன் அங்காடியில் மூன்று நாள் ஒருவரும் மீன் வாங்கவில்லை. பக்கத்து நாடு ஒன்று நிஜக் கப்பலையே அனுப்பிவிட்டது. வந்த கப்பலுக்குப் பொன்னாடை போர்த்தித் திருப்பி அனுப்பினார்கள்.

அதன் பிறகு வெங்கடாசலம் உட்கார்ந்து எழுதினார். ஒத்திகை நாளில் வரும் செய்தி, போகும் செய்தி எதுவானாலும் தலையில் மூன்று முறை, காலில் மூன்று முறை ‘பயிற்சி’ என்ற சொல் இருக்க வேண்டும். அது இல்லாமல் வரும் எந்தச் செய்தியும் செய்தியாகக் கருதப்படாது. அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பப்படும். இவ்வளவுதான். ஐந்து நாடுகளும் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றாமல் ஏற்றுக்கொண்ட ஒரே பத்தி அது. வெங்கடாசலம் அதன் நகலைக் கண்ணாடி போட்டு விழுப்புரம் வீட்டுக் கூடத்தில், மாதக் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டினார். பள்ளிக்கூட ஆசிரியையான அவர் மனைவி மலர்விழி அதை ஒருமுறை நிதானமாகப் படித்துவிட்டு, நிஜமாவே ஏதாவது ஆயிட்டா அன்னிக்கி எப்படிச் சொல்லுவீங்க என்று கேட்டார். ஒத்திகை நாளன்று பார்த்து அப்படி ஆகாது என்றார் வெங்கடாசலம். மலர்விழி மேற்கொண்டு கேட்கவில்லை. விடைத்தாள் திருத்துகிறவர்களுக்கு எந்த இடத்தில் பேச்சை நிறுத்த வேண்டும் என்று தெரியும்.

இந்த ஆண்டு ஒத்திகை நாளில் திண்டிவனம் கல்யாண மண்டபம் ஒன்றில் ஐந்து நாட்டுப் பிரதிநிதிகள் உட்கார்ந்திருந்தார்கள். பதினோரு மணிக்குக் குத்துவிளக்கு. பிறகு மரக்காணத்துக்குத் தெற்கே ஒரு கடற்கரையில் நடக்கும் ஒத்திகையை மேடைத் திரையில் காட்டுவதாக ஏற்பாடு. எண்ணெய்க்குப் பதிலாகக் கடலில் கொட்டுவதற்கு மல்லாட்டைத் தோல், அதாவது நிலக்கடலைத் தோல், அறுபது மூட்டை தயாராக இருந்தது. அது மிதக்கும், யாருக்கும் கெடுதல் இல்லை, திண்டிவனம் பக்கத்து மில்களில் கேட்ட அளவு கிடைக்கும். கரையில் ஒரு கொட்டகையில், எண்ணெயை மறிக்கும் புத்தம் புதிய மிதவைத் தடுப்பு சிவப்பு ரிப்பன் கட்டிப் பூட்டி வைக்கப்பட்டிருந்தது. தலைமை விருந்தினர் மண்டபத்திலிருந்து காணொளியில் சொன்ன பிறகுதான் காவலாளி அதைத் திறக்கலாம்.

மண்டபத்தில் மையத்தின் இயக்குநர் புகழேந்தி இருந்தார். மேல்மாடி அலுவலகத்தில் வெங்கடாசலமும், கிளியனூரிலிருந்து வரும் செய்தி எழுத்தர் பிரபாவதியும் இருந்தார்கள். பிரபாவதிக்கு முப்பது வயது. ஒப்பந்த வேலை, ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். ஆகவே விதிகள் அத்தனையும் மனப்பாடம்.

காலை ஒன்பது நாற்பதுக்குத் தொலைபேசி அடித்தது.

“ம்மா, கோட்டக்குப்பம் இப்ராஹிம் ஷா பேசறேன். மரக்காணம் ரோட்டு மேல இறால் குஞ்சு பொரிக்கற ஹேச்சரி வச்சிருக்கேன். கரையில எண்ணெ ஒதுங்கிக்கினு இருக்குது. கட்டி கட்டியா கருப்பா. எங்க தண்ணி வாய்க்கா கிட்ட வந்துடுச்சி.”

பிரபாவதி ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டு வெங்கடாசலத்தைப் பார்த்தாள். வெங்கடாசலத்தின் முகம் மலர்ந்தது. ஒத்திகை பதினோரு மணிக்கு என்று அறிவித்துவிட்டு, யாரும் எதிர்பாராத நேரத்தில் பொதுமக்களில் ஒருவரைப் பேசவைத்து மையத்தின் சுறுசுறுப்பைச் சோதிப்பது வெளிநாடுகளில் வழக்கம் என்று போன மாதம்தான் புகழேந்தி ஒரு மணி நேரம் விளக்கியிருந்தார். பரவாயில்லையே, சொன்னதைச் செய்துவிட்டாரே என்று நினைத்துக்கொண்டார். ஒத்திகைக்குக் கடலில் கப்பல் இல்லை என்றாலும் நாடகத்துக்கு ஆள் பிடித்துவிட்டார்.

“எழுதிக்கோம்மா. மேல மூணு, கீழ மூணு.”

பிரபாவதி எழுதினாள். பயிற்சி, பயிற்சி, பயிற்சி என்று தொடங்கி அப்படியே முடிந்த அந்தச் செய்தி, ஐந்து நாட்டு மேசைகளுக்கும் நாலு நிமிடத்தில் போனது. ஏழு நிமிடத்தில் பதில்கள் வந்தன. ஒரு நாடு இரண்டு கற்பனை விமானங்களை அனுப்பியது. இன்னொன்று ஒரு கற்பனைக் கப்பலைப் பத்து நிமிடத்தில் சம்பவ இடத்துக்கே கொண்டுவந்து நிறுத்தியது. மூன்றாவது நாடு பன்னிரண்டு கற்பனை நிபுணர்களை அனுப்பி, அவர்களுக்குத் தங்குமிடம் கேட்டது. மையத்தின் வரலாற்றில் இவ்வளவு வேகமான ஒத்துழைப்பு நடந்ததில்லை. வெங்கடாசலம் நேரங்களைக் குறித்துக்கொண்டே வந்தார்.

பத்தேகாலுக்கு இப்ராஹிம் ஷா மறுபடி கூப்பிட்டார். கப்பல் எப்போது வரும் என்று கேட்டார். பிரபாவதி திரையைப் பார்த்து மரியாதையாகச் சொன்னாள்.

“வந்துடுச்சி சார். கால் மணியா அங்கதான் நிக்குது.”

மறுமுனையில் அவர் அலைச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினார்.

“எங்கம்மா? நான் கடலத்தான் பார்த்துக்கினு இருக்கேன்.”

“கற்பனைக் கப்பல் சார்.”

அதற்குப் பிறகு அவர் ஒரு படம் அனுப்பினார். விரித்த உள்ளங்கை. ரேகை தெரியாமல் கருப்பு. பின்னால் மங்கலாகக் கடல். வெங்கடாசலம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, நல்லாப் பண்ணியிருக்கார், கிரீஸ் போலிருக்குது என்றார். பிரபாவதி படத்துக்குத் தலையில் மூன்று, காலில் மூன்று போட்டு அனுப்பினாள். ஒரு நாடு படத்தின் தரத்தைப் பாராட்டியது.

பத்தரைக்கு மூன்றாவது முறை. அவர் பெரியவரோடுதான் பேச வேண்டும் என்றார். வெங்கடாசலம் வாங்கிக்கொண்டார். இப்ராஹிம் ஷா கோபப்படவில்லை, பாடம் ஒப்பிப்பவர்போல வரிசையாகச் சொன்னார். தான் இருபது ஆண்டுகள் வளைகுடாவிலிருந்து கப்பல்களில் போனவர், இன்ஜின் அறையில் எண்ணெய் போடும் வேலை. இது சரக்கு எண்ணெய் இல்லை, இன்ஜினுக்கு அடியில் தேங்கும் அழுக்கு. நேற்று ராத்திரி எவனோ கடலில் கழுவி விட்டிருக்கிறான். தொட்டிகளுக்குக் கடல் தண்ணீர் இழுக்கும் மோட்டாரை ஒன்பதரைக்கே நிறுத்தியாயிற்று. ஆனால் கடல் ஓதம் ஏறிக்கொண்டிருக்கிறது, எண்ணெய் வாய்க்காலுக்குள் போய்விட்டால் மோட்டாரை மறுபடி போடவே முடியாது. பண்ணைக்குப் பக்கத்துக் கொட்டகையில் மையத்தின் மிதவை இருக்கிறது, காவலாளி தர மாட்டேன் என்கிறான். பூட்டை உடைக்கலாம், உடைத்தால் எண்ணெயைவிடத் தான் பெரிய கேஸ் ஆகிவிடுவோம்.

வெங்கடாசலம் ‘விவரம் மிகச் சிறப்பு’ என்று குறித்துக்கொண்டார். பிறகு, ஆர்வம் தாங்காமல் கேட்டார்.

“பாய், தப்பா நினைச்சிக்காதீங்க. இந்த வசனமெல்லாம் உங்களுக்கு யாரு எழுதிக் குடுத்தது? எங்க டைரக்டரா?”



“சார், ஆறு தொட்டியில குஞ்சு வச்சிருக்கேன். கண்ணுக்குத் தெரியாத குஞ்சு. அதுல ரெண்டு தொட்டிக்கு இன்னிக்கிக் காலையில தண்ணி மாத்தணும். மாத்தலன்னா மதியத்துக்குள்ள செத்துடும். இத யாரு சார் எழுதிக் குடுப்பாங்க?”

வெங்கடாசலம் தொலைபேசியை வைத்துவிட்டு எழுந்து ஜன்னலுக்குப் போனார். ஏன் போனார் என்று அவருக்கே தெரியாது. நல்ல நடிகரைப் பார்த்தால் உடம்பு கொஞ்சம் சிலிர்க்குமே, அந்த மாதிரி ஏதோ ஒன்று. கீழே டிராக்டர் கடை வாசலில் ஒரு லாரி ஒருபக்கம் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. டிரைவர் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். லாரி நிறையச் சாக்கு மூட்டைகள். ஒரு மூட்டையின் வாய் அவிழ்ந்து, மல்லாட்டைத் தோல் சாலையில் சிந்தியிருந்தது.

ஒத்திகை எண்ணெய் இன்னும் திண்டிவனத்தை விட்டே கிளம்பவில்லை.

ஒத்திகை எண்ணெயே போய்ச் சேராத கரையில் புகழேந்தி ஆள் நிறுத்தி நடிக்கவைத்திருக்க மாட்டார். அப்படியானால் அந்த உள்ளங்கையில் இருப்பது என்ன?

அவர் படி இறங்கியதும், எதிரில் வந்த ஆட்டோவில் ஏறியதும், மண்டபத்துக்குள் நுழைந்ததும் பிறகு அவருக்குத் தனித்தனியாக நினைவில் இல்லை. மேடையில் புகழேந்தி பேசிக்கொண்டிருந்தார். அவர் ஓய்வுபெற்ற அதிகாரி. ஓய்வு பெறும்வரை பேசாமல் வைத்திருந்ததையெல்லாம் பெற்ற பிறகு பேசிக்கொண்டிருந்தார். எண்ணெய்க்குப் பாஸ்போர்ட் இல்லை, அலைக்கு விசா இல்லை என்றார். பிரதிநிதிகள் கைதட்டினார்கள். வெங்கடாசலம் ஒரு சீட்டில் இரண்டு வரி எழுதி மேலே அனுப்பினார். புகழேந்தி அதைப் படித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அலைகளைப் பற்றி இன்னும் ஆறு நிமிடம் பேசிவிட்டு இறங்கி வந்தார்.

முழுவதையும் கேட்டார். படத்தையும் பார்த்தார். அவர் முட்டாள் இல்லை, புரிந்தது. புரிந்ததால்தான் குரலைத் தாழ்த்தினார். இந்த மண்டபத்தில் ஐந்து நாட்டுக்காரர்கள் உட்கார்ந்திருக்கும்போது, நமக்கே தெரியாமல் நம் கரையில் எண்ணெய் வந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? மூன்று மணிக்கு நிறைவு விழா. அதன் பிறகு சொல்லலாம். அதுவரை வருவதையெல்லாம் பயிற்சி என்றே போட்டு வையுங்கள், ஒன்றும் கெட்டுவிடாது.

“இறால் பண்ணைல குஞ்சு சாவுது சார்.”

“வெங்கடாசலம், இன்னிக்கி ஒரு நாள் மட்டும் நிஜத்த நாளைக்கி வச்சிக்கலாம். ரூல் வேற நம்ம பக்கம் இருக்குது. யாரு எழுதின ரூல் அது? நீங்க எழுதினது.”

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். வெங்கடாசலம் அலுவலகத்துக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தப் பாராட்டை மென்றுகொண்டே வந்தார்.

பதினோரு மணி ஐந்து நிமிடத்துக்கு, தலையிலும் காலிலும் ஒன்றும் போடாமல் ஒரு செய்தி எழுதினார். கரையில் நிஜ எண்ணெய். கடலில் கப்பல் ஒன்று கழிவைக் கொட்டியிருக்கிறது. தேடவும், உதவவும். தன் பெயரைப் போட்டு அனுப்பினார். திரையைப் பார்த்தபடி நின்றார்.

முதல் நாட்டிலிருந்து இரண்டு நிமிடத்தில் வந்தது. இணைப்பு ஏழு, பத்தி நான்கின்படி உங்கள் செய்தி செய்தியாகக் கருதப்படவில்லை; அன்புடன் திருப்பி அனுப்புகிறோம். இரண்டாவது நாடும் அன்புடன் திருப்பியது. மூன்றாவது நாட்டு மேசைக்குத் தொலைபேசியிலேயே கூப்பிட்டார். அங்கே இருந்த இளம் அதிகாரி அவர் பெயரைக் கேட்டதும் மகிழ்ந்துபோனார். அந்தப் பத்தியை எழுதியவரா, எங்களைச் சோதிக்கிறீர்கள் அல்லவா, நாங்கள் ஏமாற மாட்டோம் என்று சிரித்தார். நான்காவது நாடு திருப்பியபோது எந்தப் பத்தி என்பதை அடிக்கோடிட்டிருந்தது.

ஐந்தாவது நாடு நம் நாடு. அதன் மேசை பிரபாவதியுடையது. அவள் நகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“சார், ரூல்படி நானும் திருப்பணும்.”

“திருப்பும்மா.”

“திருப்பிட்டேன் சார்.”

வெங்கடாசலம் நாற்காலியில் உட்கார்ந்தார். இத்தனை ஆண்டுகளில் தன் எழுத்து இவ்வளவு ஒழுங்காக வேலை செய்து அவர் பார்த்ததில்லை. ஓட்டையில்லாத ஒரு பானையைச் செய்து, அதற்குள்ளேயே உட்கார்ந்து மூடியையும் போட்டுக்கொண்டதுபோல இருந்தது. பானை வெளியிலிருந்து பார்க்க அழகாகத்தான் இருக்கும். வளவனூரில் அப்பா கைநாட்டு வைத்த காகிதங்களில் என்ன எழுதியிருந்தது என்று அப்பாவுக்குத் தெரியாது. எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனால் அவர்கள் கரும்புத் தோட்டம் பக்கம் வந்து பார்த்ததில்லை. எழுதத் தெரிந்தவன் எழுதியதோடு வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறான். எழுதியவர்களின் அந்தப் பக்கத்தில் இப்போது தானும் இருப்பது அவருக்குத் தெரிந்தது. கடற்கரையில் ஒருவர் கறுத்த கையோடு நின்றுகொண்டிருந்தார்.

பிரபாவதி தொண்டையைச் செருமினாள்.

“சார், பத்தி நாலு ஒத்திகை நாளுக்குத்தான். பத்தி ஆறுல, ஒத்திகை முடிஞ்சதுன்னு செய்தி போனா அதோட நாள் முடிஞ்சிச்சின்னு இருக்குது.”

“இன்னும் ஆரம்பிக்கவே இல்லயேம்மா. எப்படி முடிக்கறது?”

“ஆரம்பிச்சாதான் முடிக்கணும்னு ரூல்ல இல்ல சார். ஆனா அத டைரக்டர்தான் அனுப்பணும்னு இருக்குது. வேற யாரு அனுப்பினாலும் நடவடிக்கை.” பிறகு, “நான் அனுப்பினா இந்த வருஷத்தோட சரி. நீங்க அனுப்பினா விசாரணைதான வெப்பாங்க” என்றாள்.

வெங்கடாசலம் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மேலே மூன்று முறை பயிற்சி. கீழே மூன்று முறை பயிற்சி. நடுவில், ஒத்திகை முடிந்தது. இயக்குநருக்காக, வெங்கடாசலம். நேரம் பதினொன்று முப்பது.

அங்கே மண்டபத்தில், நேரமாகிப்போன குத்துவிளக்கில் நான்கு திரிகள் எரிந்துகொண்டிருந்தன. ஐந்தாவது திரிக்குப் புகழேந்தி மெழுகுவர்த்தியை நீட்டியபோது, மண்டபத்தில் இருந்த எல்லாருடைய கைப்பேசியும் ஒரே சமயத்தில் அடித்தது. ஒத்திகை முடிந்தது என்று படித்த பிரதிநிதிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கைதட்ட வேண்டுமோ என்று சிலர் தட்டினார்கள். ஒரு நிமிடம் கழித்து இரண்டாவது செய்தி வந்தது. அதன் தலையிலும் காலிலும் ஒன்றுமில்லை. அதற்கு யாரும் கைதட்டவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் வேலை செய்கிறவர்கள் வேலை செய்யும்போது சொல்வதற்கு அதிகம் இருப்பதில்லை. சிரித்த அந்த இளம் அதிகாரி இருபது நிமிடத்தில் நிஜ விமானம் ஒன்றை ஏற்றிவிட்டார். மதியம் இரண்டரைக்கு அது, வாலில் கரிய கோடு இழுத்துக்கொண்டு தெற்கே போகும் சரக்குக் கப்பல் ஒன்றைப் பார்த்துப் படம் எடுத்தது. அடுத்த நாடு அந்தக் கப்பலுக்குத் தன் துறைமுகத்தில் இடம் ஒதுக்கிவிட்டுக் காத்திருந்தது. ஒப்பந்தத்தில் இதெல்லாம் எழுதியிருந்தது என்பதும், எழுதியபடியே நடக்கவும் கூடும் என்பதும் பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

வெங்கடாசலம் தொலைபேசியில் காவலாளியை அதட்டிக் கொட்டகையைத் திறக்கச் சொல்லிவிட்டு, சக்கரம் மாட்டி முடித்த லாரியில் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறினார்.

கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒரு மணி. வாய்க்கால் வாயில் மிதவைத் தடுப்பு கிடந்தது, ரிப்பனோடு. அதற்கு ஆரஞ்சு நிறம் வேண்டுமா மஞ்சள் நிறம் வேண்டுமா என்று ஒரு கூட்டத்தில் பேசியிருந்தார்கள். நீளத்தைப் பற்றிப் பேசவில்லை. வாய்க்காலின் அகலத்துக்கு நாலடி குறைந்தது. அந்த நாலடியில் எண்ணெய் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

இப்ராஹிம் ஷா முழங்கால் தண்ணீரில் நின்றார். அறுபது வயதிருக்கும், வெள்ளைத் தாடி, கைலியை மடித்துக் கட்டியிருந்தார். அவர் வெங்கடாசலத்தைப் பார்க்கவில்லை, லாரியைப் பார்த்தார்.

“அதுல இன்னா சார் மூட்டை?”

“மல்லாட்டைத் தோல். எண்ணெய்க்குப் பதிலா…”

“ஜல்தி இறக்கச் சொல்லுங்க.”

பண்ணை ஆட்கள் ஆறு பேரும் டிரைவரும் வெங்கடாசலமும் மூட்டைகளை இறக்கினார்கள். பாதி மூட்டைகளை வாய் கட்டியபடியே அந்த நாலடியில் அடுக்கினார்கள். மீதியை அவிழ்த்து வாய்க்காலுக்குள் பரப்பினார்கள். தோல் எண்ணெயைக் குடித்துக் கறுத்துக் கனத்தது. அதை வலைக்கூடையில் வாரிக் குழியில் கொட்டினார்கள். எண்ணெயாக நடிக்க வந்தது எண்ணெயை உறிஞ்சிக்கொண்டிருந்தது. நாலு மணிக்கு வாய்க்காலில் தண்ணீர் தண்ணீராகத் தெரிந்தது. மோட்டாரைப் போட்டார்கள்.

இரண்டு தொட்டிகளுக்கு அது பயன்படவில்லை. காலையில் தண்ணீர் மாற்ற வேண்டிய அந்த இரண்டு. அடியில் மெல்லிய தூள்போலப் படிந்திருந்தது. வெங்கடாசலம் குனிந்து பார்த்தார். கண்ணுக்குத் தெரியாத குஞ்சு என்றாரே, செத்த பிறகு தெரிந்தது.

இருவரும் தொட்டியின் கட்டைச் சுவர்மேல் உட்கார்ந்தார்கள். கையைக் கழுவ மண்ணெண்ணெய் வந்தது. வெங்கடாசலம் மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது இப்ராஹிம் ஷா பேசினார்.

“நானே தொறந்து உட்டிருக்கேன் சார்.”

“எத?”

“இதத்தான். கப்பல்ல. சீஃப் இன்ஜினியர் சொல்லுவாரு, ஒரு பைப்ப மாட்டி வால்வத் தொறந்துடுவேன். கரையில குடுத்தா செலவு, கடல்ல உட்டா சும்மா. இருட்டுல பார்த்தா தண்ணி மாதிரிதான் போவும். எவன் ஊட்டுக் கரைக்குப் போவுதுன்னு நாங்க நெனச்சதே இல்ல. இருவது வருஷம். கடசீல எங்க ஊட்டுக்கே வந்துச்சி.” கைகளைத் திருப்பித் திருப்பித் துடைத்தார். “உங்கமேல காலையில பேஜாராத்தான் இருந்துச்சி. அப்புறம் யோசிச்சேன். நீங்க காயிதத்துல மூடி வச்சீங்க, நான் ராத்திரில தொறந்து உட்டேன். ரெண்டு பேருமே கரையப் பார்க்கல.”

 வெங்கடாசலம் கையில் இன்னும் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை புகழேந்தி விழுப்புரத்துக்கே வந்துவிட்டார், அரைக்கிலோ மைசூர்பாகோடு. கூடத்தில் உட்கார்ந்து, கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த பத்தியை முதலில் பாராட்டினார். பிறகு விஷயத்துக்கு வந்தார். பிரதிநிதிகள் எல்லோரும் அசந்துபோயிருக்கிறார்கள். இவ்வளவு தத்ரூபமான ஒத்திகையை எந்த வட்டாரத்திலும் பார்த்ததில்லையாம். சொன்ன நேரத்துக்கு முன்பே தொடங்கியது, விளக்கேற்றும்போதே முடித்தது, எல்லாம் திட்டம் என்று நினைக்கிறார்கள். நினைக்கட்டுமே. முழுவதும் ஒத்திகை என்றே அறிக்கை எழுதிவிட்டால் விசாரணை கிடையாது, வெங்கடாசலத்துக்குப் பாராட்டுப் பத்திரம் உண்டு, ஐந்து நாட்டுக்கும் பெருமை.

“அந்தக் கப்பல்?”

ஒத்திகையில் பங்கேற்ற கப்பல் என்று எழுதலாம் என்றார் புகழேந்தி. அவர் முகத்தில் ஒரு களங்கமும் இல்லை.

“செத்துப்போன ரெண்டு தொட்டி?”

அதற்குப் புகழேந்தி மைசூர்பாகுப் பெட்டியைக் கொஞ்சம் முன்னால் தள்ளினார். ஒத்திகையில் யாரும் சாவதில்லை.

அவர் போன பிறகு வெங்கடாசலம் கணினி முன் உட்கார்ந்தார். விரல்கள் பழக்கத்தில் தாமாகவே அடித்தன: பயிற்சி, பயிற்சி, பயிற்சி. ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். தலைப்பகுதி வெறுமையாக, வெற்று வட்டம் மட்டும் இருந்தது. அதன் கீழே எழுதினார். ஒன்பது நாற்பதுக்குத் தகவல் வந்தது. பதினொன்று முப்பதுவரை அது செய்தியாகக் கருதப்படவில்லை. காரணம், இணைப்பு ஏழு, பத்தி நான்கு. அதை எழுதியவன் நான். தகவலை நாடகம் என்று நினைத்தவனும் நான். அந்த ஒரு மணி ஐம்பது நிமிடத் தாமதத்தால் எண்ணெய் வாய்க்காலுக்குள் புகுந்து, ஒரு பண்ணையில் இரண்டு தொட்டிக் குஞ்சுகள் இறந்தன. பண்ணைக்காரர் பெயர், கப்பலின் பெயர், நேரம், விமானத்தின் படம். ஒத்திகை நடக்கவில்லை.

மலர்விழி பின்னால் நின்று படித்தார். பள்ளியில் பிள்ளைகள் எழுதியதைப் படிக்கும் அதே முகம்.

“இதுல ஒரு எடத்துலயும் ‘தவிர்க்க இயலாத காரணங்களால்’னு வரலியே. உங்க ஆபீஸ்ல இத ஏத்துப்பாங்களா?”

ஏற்றுக்கொண்டார்கள், அதை அவர் ஐந்து நாட்டுக்கும் நேராக அனுப்பிவிட்டதால் வேறு வழியில்லாமல். நான்கு நாட்டு மேசைகளிலிருந்தும் அன்று மாலைக்குள் பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது. ஐந்தாவதைப் பிரபாவதி திங்கட்கிழமை காலை முதல் வேலையாக அனுப்பினாள். கப்பல் இன்னும் துறைமுகத்தில் நிற்கிறது, வழக்கு நடக்கிறது. விசாரணையும் நடந்தது. அதிகாரம் இல்லாமல் ஒத்திகையை முடித்த குற்றத்துக்காக வெங்கடாசலத்தைச் செய்திப் பிரிவிலிருந்து எடுத்து, மையத்தின் சின்னத்தை முடிவுசெய்யும் குழுவில் போட்டார்கள். இப்போது அவர் டால்பின்களின் படங்களையும் ஆமைகளின் படங்களையும் தனித்தனிக் கோப்பில் அடுக்கிக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் இப்ராஹிம் ஷா கூப்பிட்டார். மீதி நாலு தொட்டிக் குஞ்சும் நல்லபடியாக வளர்ந்து விலைக்குப் போய்விட்டன என்றார். கப்பல் நிற்கும் துறைமுகத்திலிருந்து வழக்கு விஷயமாக வக்கீல் ஒருவர் பேசினாராம். பிறகு, கேட்க வந்ததைக் கேட்டார்.

“சார், அந்தக் காயிதத்துல எங்க ரெண்டு தொட்டியும் இருக்குதா?”

“இருக்குது பாய். அஞ்சு நாட்டுலயும் இருக்குது.”

“வால்வத் தொறந்தது எப்படின்னு நான் வந்து சொன்னா அந்தக் கேஸ்ல எடுத்துப்பாங்களா?”

வெங்கடாசலம் ஆமைகளைத் தள்ளி வைத்துவிட்டு, பேனாவை எடுத்தார்.

“சொல்லுங்க பாய். மொதல்ல நான் எழுதிக்கறேன்.”